தாழும் பூட்டும் கைப்பிடியும்

வீடு கட்டுவோர் வாசற்கதவுக்கு எந்த மரம் உத்தமம், அதில் என்ன சித்திர வேலை செய்விப்பது என்று மாதக்கணக்கில் ஆலோசித்துவிட்டு, அந்தக் கதவைத் திறப்பதற்கும் சார்த்துவதற்கும் பூட்டுவதற்கும் வேண்டிய உலோகச் சாமான்களை மட்டும், கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும் தருணத்தில், தச்சர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டி, அவர் எடுத்துப் போட்டதை வாங்கி வந்துவிடுவது பெரும்பாலும் நடக்கிற காரியம். நாளெல்லாம் கையில் படுவது கைப்பிடி, வெளியூர் போனால் காவல் நிற்பது பூட்டு, இரவில் நிம்மதியாக உறங்கச் செய்வது தாழ்ப்பாள் என்பதை நினைத்தால், இவற்றின் தேர்வுக்கும் அதே அளவு சிந்தனையைச் செலவிடுவது நியாயம் என்று விளங்கும். அப்படிச் சிந்திக்கும்போது, அனுமதியின்றி நுழைய முயல்பவனை இது எவ்வளவு நேரம் தடுக்கும் என்ற கேள்வியோடு, உள்ளே வசிக்கும் பாட்டியும் குழந்தையும் நோயாளியும் இதை எவ்வளவு சுலபமாகத் திறப்பார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதற்கேள்வியைக் கேட்பவர் பலர். இரண்டாவதைக் கேட்பவர் மிகச் சிலர். அதனாலேயே இந்த அத்தியாயம் சற்று விரிவாக எழுதப்படுகிறது.

பழைய வீடுகளின் இரட்டைக் கதவுகளுக்கு உட்புறத்தில் மேலும் கீழும் தாழ்ப்பாளும், நடுவில் குறுக்கே இடும் கனத்த மரக் கணையமும், வெளிப்புறத்தில் நாதாங்கியும் கொண்டியும், அவற்றை இணைத்துத் தொங்கும் ஒரு பூட்டும் இருந்தன. இன்று கடையில் டவர் போல்ட் என்று கேட்டு வாங்குவது அந்தத் தாழ்ப்பாளையேதான். ஆல்டிராப் என்பது குறுக்காக நகர்ந்து நிலையிலுள்ள துளையில் புகும் பெரிய தாழ். அதன் காதில் பூட்டைத் தொங்கவிடலாம். தாழ்ப்பாள்களுக்கு ஐ.எஸ். 204, ஆல்டிராப்புகளுக்கு ஐ.எஸ். 2681, கதவினுள் பதிக்கும் பூட்டுகளுக்கு ஐ.எஸ். 2209 என்று இந்தியத் தரநிர்ணயங்கள் இருக்கின்றன. ஆல்டிராப்பும் தொங்குபூட்டும் மலிவானவை, எந்த ஆசாரியும் அரை மணியில் பொருத்தக் கூடியவை, பழுதுபட்டால் சுலபமாக மாற்றக் கூடியவை என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் வாசலில் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்ற செய்தியைத் தெருவில் போவோர் யாவருக்கும் அறிவித்துவிடுகிறது. அதோடு, வெளிப்புற ஆல்டிராப்பை யார் வேண்டுமானாலும் இழுத்துவிட்டு உள்ளே இருப்போரை அடைத்துவைத்துவிடலாம் என்ற ஆபத்தும் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் வாசற்கதவின் வெளிப்புறத்தில் இத்தகைய தாழ் எதுவும் இல்லாதிருப்பதே நலம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இனிப் பூட்டின் உட்புறத்தைச் சற்றுப் பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்ளாதவர் கடைக்காரர் சொல்லும் விலையை மட்டுமே தரத்துக்கு அளவாகக் கொள்ள நேரிடும். வீட்டுப் பூட்டுகளில் பிரதானமானவை இரண்டு ஜாதி. ஒன்று லீவர் பூட்டு, மற்றொன்று ஊசிப் பூட்டு. லீவர் பூட்டினுள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்க, ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் அந்தத் தகடுகளை அவற்றுக்குரிய உயரத்துக்கு ஏககாலத்தில் தூக்கினால் வெட்டுகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் தாழ்நாக்கோடு சேர்ந்த முளை அவற்றினூடே புகுந்து நகர, நாக்கும் நகரும். ஒரு தகடு நூலளவு குறைவாகவோ அதிகமாகவோ உயர்ந்தால் முளை தடைப்பட்டு நின்றுவிடும். அதற்கு முன்னிருந்த பூட்டுகளில் தடையைத் தூக்கினால் போதும், எவ்வளவு அதிகமாகத் தூக்கினாலும் பாதகமில்லை. குறைந்தாலும் கூடாது, மிகுந்தாலும் கூடாது என்ற இந்த நியதியைப் பூட்டுக்குள் கொண்டுவந்தவர் 1778-இல் காப்புரிமை பெற்ற இராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர். 1818-இல் ஜெரமையா சப் என்பவர், ஒரு தகடு வரம்புக்கு மேல் தூக்கப்பட்டால் பூட்டு இறுகி நின்று, யாரோ கள்ளச்சாவி போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று உடையவருக்குக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்.

இந்தச் சரித்திரத்தில் ஒரு நிகழ்ச்சியை வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. லண்டனில் ஜோசப் பிராமா என்ற பெரிய யந்திர நிபுணர், தாம் செய்த பூட்டைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்து, அந்தப் பூட்டைத் தம் கடைச் சாளரத்தில் வைத்திருந்தார். அறுபது வருஷத்துக்கு மேல் அதை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வினைஞர், முதலில் சப் பூட்டைத் திறந்துகாட்டி, பிறகு பதினாறு நாட்களில் மொத்தம் ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்துப் பிராமாவின் பூட்டையும் திறந்துவிட்டார். திறக்கவே முடியாத பூட்டு என்று உலகில் ஒன்றில்லை என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. ஆனால் தனி அறையில், தொந்தரவின்றி, தக்க கருவிகளோடு ஒரு நிபுணருக்கு ஐம்பத்தொரு மணி நேரம் பிடித்தது என்பதும் அதே நிகழ்ச்சி கூறும் செய்திதான். ஆகவே பூட்டு வாங்குகிறவர் உண்மையில் விலைக்கு வாங்குவது காலத்தை. அண்டை வீட்டார் விழித்துக்கொள்ளவும், தெருவில் யாரேனும் கவனிக்கவும் போதுமான அவகாசத்தைத் தரும் பூட்டு தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஊசிப் பூட்டின் தத்துவம் மிகப் புராதனமானது. எகிப்தியர் மரத்தால் செய்த பூட்டுகளிலேயே மேலிருந்து விழுந்து தாழை மறிக்கும் சிறு முளைகள் உண்டு. அதை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்து, தட்டையான சிறு சாவியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற லைனஸ் யேல் என்ற அமெரிக்கர். பூட்டின் உடலுக்குள் சுழலும் ஓர் உருளை. உடலிலும் உருளையிலும் சேர்ந்து அமைந்த துளைகளில் இரட்டை இரட்டையாக ஊசிகள். மேலிருந்து அவற்றை அழுத்தும் விற்கள். சாவியின் மேடுபள்ளங்கள் ஊசிகளை உயர்த்தி, ஒவ்வோர் இரட்டையும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு சரியாகப் பொருந்தும்போது உருளை சுழல்கிறது. ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் கொள்கையளவில் 7,776 வெவ்வேறு சாவிகள் அமையலாம். ஊசி ஆறானால் அதே கணக்கு 46,656 ஆகிவிடும். கடையில் ‘எத்தனை பின்?’ என்று கேட்பதன் பிரயோஜனம் இதுதான்.

நம் நாட்டுப் பூட்டுத் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயம் பூர்த்தியாகாது. வடக்கே அலிகாரும் தெற்கே திண்டுக்கல்லும் இத்தொழிலுக்குப் பெயர்போன நகரங்கள். பம்பாயில் 1897-இல் அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, லீவர்களைச் சாவிக்கு ஏற்பக் கையாலேயே ஒவ்வொன்றாக இழைத்து அமைக்கும் முறையால், ஒரு பூட்டின் சாவி அதன் உடன்பிறந்த பூட்டுக்குக்கூடச் சேர்வதில்லை என்பது அதன் விசேஷம். மாங்காய் வடிவான அந்தக் கனத்த பூட்டு கோயில் கதவுகளிலும் கிட்டங்கிகளிலும் பல தலைமுறைகளாகத் தொங்கியிருக்கிறது. யந்திரத்தால் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் மலிவுப் பூட்டுகளின் போட்டியில் அத்தொழில் நலிந்து வருவது மனத்தை வருத்துகிறது. தோட்டக் கதவு, மாடிப்படிக் கதவு, சாமான் அறை, இரும்புக் கிரில் முதலிய இடங்களில் தொங்குபூட்டு வேண்டியவர்கள் நல்ல திண்டுக்கல் பூட்டைத் தேடி வாங்கும்படி மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். அதைத் தொங்கவிடும் கொண்டியும் அதற்கு ஈடான கனத்தில் இருக்க வேண்டும். திருடன் பூட்டைத் தொடாமலே கொண்டியை நெம்பிவிட்டால் கைவினைஞரின் சாமர்த்தியமெல்லாம் வீணாகும்.

வாசற்கதவில் நிரந்தரமாகப் பொருத்தும் பூட்டுகளில், கதவின் உட்புற முகத்தின்மேல் பெட்டியாக அமைவது ஒரு வகை. நைட் லாட்ச் என்பது அவ்வகையைச் சேர்ந்தது. கதவைச் சார்த்தியவுடன் தானே பூட்டிக்கொள்வது அதன் சௌகரியம். குப்பை கொட்ட வெளியே வந்த இல்லத்தரசியின் பின்னால், அடுப்பில் பாலிருக்க, காற்றில் கதவு சாத்திக்கொள்வது அதன் அசௌகரியம். நாக்கை உள்ளிழுத்து நிறுத்திவைக்கும் சிறு குமிழ் உள்ள நைட் லாட்ச்சையே வாங்க வேண்டும். அதன் உபயோகத்தை வீட்டிலுள்ள எல்லோருக்கும் கற்பித்துவைக்கவும் வேண்டும். மற்றொரு வகை, கதவின் கனத்தைக் குடைந்து உள்ளே பதிக்கும் மார்டிஸ் பூட்டு. கைப்பிடியும் நாக்கும் தாழும் ஒன்றாக இணைந்த இது பார்வைக்கு அழகும் காவலுக்கு உறுதியும் உடையதுதான். ஆனால் கதவின் கனம் போதாவிட்டால் இதுவே கதவுக்குப் பலவீனமாகிவிடும். பூட்டுப் பெட்டி 15 மில்லிமீட்டர் கனமும் கதவு 30 மில்லிமீட்டர் கனமும் இருந்தால், குடைந்தபின் இருபுறமும் ஏழரை மில்லிமீட்டர் மரமே மிஞ்சும். அந்த மெல்லிய சுவர் ஓர் உதைக்குத் தாங்காது. வாசலுக்கு 38 மில்லிமீட்டருக்குக் குறையாத கதவிருந்தால் மட்டும் மார்டிஸ் பூட்டைப் பதியுங்கள்.

மார்டிஸ் பூட்டுகளில் சாவி புகும் பகுதி தனிச் சிலிண்டராக இருப்பது இப்போது வழக்கம். ஒரே ஒரு நீண்ட திருகாணியைக் கழற்றினால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். பூட்டு முழுவதையும் மாற்றாமல் அதை மட்டும் மாற்றிப் புதுச் சாவிகளைப் பெற்றுக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போதும், பழைய வீட்டை விலைக்கு வாங்கும்போதும், சாவி ஒன்று தொலைந்துபோனபோதும் செய்ய வேண்டிய முதற்காரியம் இது. சிலிண்டர் வாங்குமுன், திருகாணித் துளையின் மத்தியிலிருந்து இருபுறமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு போக வேண்டும். மொத்த நீளம் ஒன்றாயிருந்தாலும் இரு புறத்து அளவுகள் வேறுபடலாம். வெளிப்புறத்தில் அது முகத்தகட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கலாகாது. திருகாணித் துளை இருக்கும் இடமே சிலிண்டரின் மிக மெல்லிய பாகம். நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குறடால் பற்றி வளைத்தால் அங்கேதான் அது முறியும்.

பூட்டுக்கு எவ்வளவு செலவு செய்தாலும், அதன் நாக்கு போய்ப் புகும் இடம் நிலைக்கால் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவை உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் உடைவது பூட்டு அல்ல. நிலையில் அரையங்குலத் திருகாணி இரண்டால் ஒட்டவைத்தாற்போல நிற்கும் தகடு பிய்ந்து, அதன் அடியிலுள்ள மரம் பிளந்துபோகிறது. அந்தத் தகடு கனத்த எஃகாக இருக்க வேண்டும். அதைப் பிடிக்கும் திருகாணிகள் நிலைக்காலின் நடு மரம்வரை எட்டுவதற்கு மூன்று அங்குல நீளமாவது வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடையே காரை நிரம்பாத வெற்றிடம் இருக்கலாகாது. கீல்களின் பக்கத்தையும் இவ்வாறே பரீட்சித்துப் பாருங்கள். கதவு வெளிநோக்கித் திறப்பதானால் கீலின் அச்சாணி வெளியில் தெரியும். அதைத் தட்டிக் கழற்ற முடியாதபடி முனை மூடிய கீல்களையே பொருத்தச் சொல்லுங்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் ஆகும் செலவு சொற்பம்.

இப்போது, உள்ளே வசிப்பவர் எவ்வளவு சுலபமாகத் திறப்பார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். வாசற்கதவின் சிலிண்டரில் இருபுறமும் சாவி போடும் வகையும் உண்டு, உட்புறத்தில் சாவிக்குப் பதில் திருகுகுமிழ் உள்ள வகையும் உண்டு. உள்ளேயும் சாவி வேண்டும் என்ற பூட்டு, நடுராத்திரியில் சமையலறையில் தீப்பற்றி வீடெல்லாம் புகை சூழ்ந்த சமயத்தில், சாவி எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது என்று இருட்டில் தடவச் செய்யும். கதவை ஒட்டிக் கண்ணாடிச் சாளரம் இருந்து, அதை உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருப்பிவிடக் கூடும் என்ற நியாயமான பயம் உள்ள வீடுகள் சில இருக்கின்றன. அவற்றில் அந்தக் கண்ணாடிக்குக் கம்பி இடுவதுதான் பரிகாரம். குடியிருப்போர் வெளியேறுவதற்குச் சாவி தேடும் நிர்ப்பந்தம் எந்த வீட்டிலும் இருக்கலாகாது என்பதில் நான் சமரசத்துக்கு இடமே வைக்க மாட்டேன்.

குளியலறைக் கதவு இதைவிடக் கவனத்துக்குரியது. உட்புறம் ஒரு தாழ்ப்பாளை மட்டும் அடித்துவிட்டு அதோடு விட்டுவிடுவது நம் வழக்கம். இரண்டு வயதுக் குழந்தை உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும்போதும், வயோதிகர் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடக்கும்போதும், கதவை உடைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. வெளிப்புறத்தில் ஒரு சிறு பிளவு உள்ள குளியலறைப் பூட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவசர காலத்தில் அந்தப் பிளவில் ஒரு நாணயத்தையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பினால் தாழ் விலகும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இந்தப் பூட்டோடு, கதவு வெளிநோக்கித் திறக்குமாறும் அமைத்துவிட வேண்டும்; உள்நோக்கித் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், தாழ் விலகினாலும் கதவு நகராது. கடனை வாங்கியாவது இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் ஆகும் செலவு ஒரு நல்ல புடவையின் விலையைத் தாண்டாது.

கைப்பிடியின் உருவமும் இதே நோக்கில் தீர்மானிக்கப்பட வேண்டியது. உருண்டைக் குமிழ் பார்வைக்கு லட்சணமானது. ஆனால் அதைத் திருப்ப விரல்கள் இறுகப் பற்றவும் மணிக்கட்டு முறுக்கவும் வேண்டும். மூட்டுவாதம் உள்ளவரும், கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வருபவரும், இரு கைகளிலும் குடமோ குழந்தையோ ஏந்தியவரும் அதனோடு படும் பாட்டை ஒரு நாள் உடனிருந்து கவனித்தவர், நீண்ட நெம்புக் கைப்பிடியைத் தவிர வேறொன்றை வாங்க மாட்டார். அதை முழங்கையாலும் அழுத்தித் திறக்கலாம். அதன் முனை கதவை நோக்கி உள்வளைந்திருந்தால் புடவைத் தலைப்பும் சட்டைக் கையும் மாட்டிக்கொள்ளா. தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் பெரியவர்களுக்கும் பள்ளிச் சிறுவர்களுக்கும் பொதுவாகப் பொருந்தும். கைப்பிடிக்கும் நிலைச் சட்டத்துக்கும் நடுவே விரல் நசுங்காத அளவு இடைவெளி இருக்கிறதா என்பதைப் பூட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்வது உசிதம். விளிம்பிலிருந்து கைப்பிடியின் அச்சுவரை உள்ள தூரம் பூட்டுக்குப் பூட்டு மாறுபடும், அது மிகக் குறைந்தால் ஒவ்வொரு முறை கதவைச் சார்த்தும்போதும் விரற்கணு உராயும்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளை கனமானது, துருவேறாதது, நாள்பட மங்கினாலும் புளியிட்டுத் துலக்கினால் பழைய பொலிவைப் பெறுவது. செம்பு கலந்த உலோகமாதலால் அதன்மேல் நுண்கிருமிகள் நெடுநேரம் பிழைத்திருப்பதில்லை என்பது கூடுதலான நன்மை. ஆனால் கடையில் பித்தளை நிறத்தில் பளபளப்பதெல்லாம் பித்தளையாகாது. துத்தநாகக் கலவையை வார்த்து முலாம் பூசியவை ஏராளம். கையில் எடுத்து எடை பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று முலாத்தை ஓரிரு வருஷத்தில் கொப்புளிக்கச் செய்யும். 304 என்ற எண்ணுடைய துருப்பிடிக்காத எஃகில்கூட அங்கே பழுப்புப் புள்ளிகள் காணும். இரண்டு முதல் மூன்று சதவிகிதம் மாலிப்டினம் கலந்த 316 என்ற எஃகு உப்பை நன்றாகத் தாங்கும். உள்ளறைகளுக்கு அந்தச் செலவு அநாவசியம். கடலைப் பார்த்த வாசலுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் அவசியம்.

விரல்ரேகையாலும் எண்களாலும் திறக்கும் மின்பூட்டுகள் இப்போது மலிந்துவிட்டன. சாவியை மறந்து வரும் பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போய் வெவ்வேறு நேரத்தில் திரும்புவோருக்கும் அவை சௌகரியமே. மின்கலம் தீர்ந்துபோனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்கிறதா, சாதாரணச் சாவித்துளையும் உண்டா என்ற இரண்டையும் விசாரித்து வாங்குக. அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். உபரிச் சாவி எந்தப் பூட்டுக்கும் வேண்டியதே. அதன் இடம் பூந்தொட்டியின் அடியோ மின்மீட்டர்ப் பெட்டியின் மேலோ ஆகாது. அருகில் வசிக்கும் நம்பகமான உறவினரிடமோ நண்பரிடமோ, எந்த வீட்டுச் சாவி என்ற விலாசச் சீட்டைக் கட்டாமல் கொடுத்துவையுங்கள்.

பூட்டைப் பராமரிப்பது பெரிய வித்தையல்ல. சாவி இறுகினால் உடனே தேங்காயெண்ணெயையோ தையல் யந்திர எண்ணெயையோ சாவித்துளையில் விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். எண்ணெய் அன்றைக்குச் சுகமாகத் திறக்கச் செய்து, பிறகு தூசியைக் கூட்டிச் சேறாக்கி, ஊசிகளைத் துளைகளுக்குள் ஒட்டிவிடும். கிராபைட் தூளைச் சிறிது துளைக்குள் ஊதிச் சாவியைப் பலமுறை போட்டெடுத்தால் போதும். தூள் கிடைக்காவிட்டால் மிருதுவான பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து உபயோகிக்கலாம். தாழ்நாக்குக்கும் கீலுக்கும் எண்ணெய் இடலாம், தோஷமில்லை. தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். ஆதலால் பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்றை உபயோகிக்காமல் எடுத்துவைத்து, நகல் வேண்டும்போதெல்லாம் அதைக் கொண்டே எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை இழுத்து ஊதுவதால், அதுவரை ஒழுங்காக விழுந்துகொண்டிருந்த நாக்கு நிலைத்தகட்டின் துளையில் இடித்துக்கொண்டு நிற்கும். அப்போது அவசரப்பட்டுக் கதவின் விளிம்பை இழைக்கச் சொல்கிறவர்கள், பங்குனி வெயிலில் மரம் சுருங்கியபின் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்தைக் காண்பார்கள். சிறிது சுண்ணாம்பையோ கரியையோ நாக்கின் முனையில் தடவிக் கதவைச் சார்த்தினால் எங்கே இடிக்கிறது என்பது தகட்டில் பதியும். அந்த ஓரத்தை அரத்தால் ஓரிரு மில்லிமீட்டர் ராவிவிட்டால் மழைக்காலத்தைக் கழித்துவிடலாம். தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் இடித்தால், கீல்களின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறது என்று அறிந்து, மேல்கீலிலிருந்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும்.